அறங்காவலரை நீக்க ஒருவர் போதுமா?

கேள்வி: ஊர்ப் பெரியவர்கள் பதிவு செய்த கல்வி அறக்கட்டளையில் மூன்று அறங்காவலர்கள். நிர்வாக அறங்காவலர் நான்கு வருடமாகக் கணக்கு காட்டவில்லை. அறக்கட்டளைக் கட்டடத்தையும் தம் மகனுக்கே அடிமாட்டு வாடகைக்கு விட்டுவிட்டார். அங்கே உதவித்தொகை பெற்றுப் படித்த நான் மட்டும் வழக்குப் போட்டு அவரை நீக்க முடியுமா?

பதில்: முடியாது. முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தைப் படியுங்கள். மற்ற இருவரும் தீர்மானம் போட்டு நீக்கலாம் என்று அதில் ஷரத்து இருந்தால் கோர்ட்டுக்கே போக வேண்டியிருக்காது.

இல்லையென்றால், பொது அறக்கட்டளைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92வது பிரிவுதான் வழி. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் வழக்குப் போடலாம். அல்லது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவராவது சேர்ந்து, கோர்ட்டின் அனுமதியோடு போடலாம். பிராதுடன் (வழக்கைத் தொடங்கும் மனு) அனுமதி மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். உங்கள் உதவித்தொகை முடிந்துபோன கதை என்று எதிர்த்தரப்பு கிளப்பும். இப்போது உதவி பெறும் மாணவரின் பெற்றோர் ஒருவரைக் கூட்டு வாதியாக்கினால் அந்த வாதம் எடுபடாது.

பல வழக்குகள் கவிழ்வது பிராதில் கேட்கும் பரிகாரத்தால்தான். "எனக்கு வரவேண்டிய பாக்கி" என்று சொந்த உரிமை நுழைந்தாலே இது 92வது பிரிவு வழக்கு இல்லை என்ற ஆட்சேபம் வரும். நீக்கம், புதியவர் நியமனம், கணக்கு ஒப்புவிப்பு, நிர்வாகத் திட்டம் ஆகியவற்றைக் கேளுங்கள். நீக்கப்பட்டவர் சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைக்க உத்தரவும் கேளுங்கள். இதை மறந்தால் ஆள் போன பிறகும் சாவி அவரிடமே இருக்கும்.

அறங்காவலர்களுக்குள் மனஸ்தாபம், கணக்கில் கைத்தவறு என்பதற்காகக் கோர்ட் ஒருவரை எளிதில் நீக்காது. அவர் நீடித்தால் அறக்கட்டளைக்குக் கேடா என்றுதான் பார்க்கும். அந்த வகையில் மகனுக்கு விட்ட வாடகைதான் உங்கள் பலமான ஆயுதம். வாடகை ஒப்பந்தம், அக்கம்பக்கத்து வாடகைக்கான ஆதாரம், பத்திரத்தின் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் திரட்டுங்கள். கணக்கு கேட்டு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பதில் வராததும் சாட்சிதான்.

சொத்து கைமாறும் என்று பயந்தால் இடைக்காலத் தடையும், அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 40இன்கீழ் ரிசீவர் (கோர்ட் சார்பில் சொத்தைப் பார்த்துக்கொள்பவர்) நியமனமும் கேட்கலாம். ரிசீவர் சுலபத்தில் கிடைக்காது. விரயம் நடப்பதை ஆவணத்தோடு காட்ட வேண்டும்.

கேள்வி: எங்களுடையது குடும்ப டிரஸ்ட். இதே வழிதானா?

பதில்: இல்லை. அதற்கு 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. பயனாளி ஒருவரே போதும். புதிய அறங்காவலரை நியமிக்க 74வது பிரிவில், தனி வழக்கு இல்லாமலே மனுப் போடலாம். ஆனால் இப்போதுள்ள அறங்காவலர் மீது மோசடி என்று குற்றம் சாட்டி, அவரும் மறுத்தால், சாட்சி விசாரணையோடு வழக்காகவே நடத்துவது நல்லது. பத்திரத்தில் மத்தியஸ்த (ஆர்பிட்ரேஷன்) ஷரத்து இருக்கிறதே என்று நம்பி உட்கார வேண்டாம். இந்தச் சட்டத்தில் எழும் தகராறுகளை மத்தியஸ்தத்துக்கு அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது.

கேள்வி: தமிழ்நாட்டில் கோயில் அறங்காவலர் என்றால்?

பதில்: இந்துக் கோயில்களுக்கு 92வது பிரிவு செல்லாது. 1959ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டத்தின் 53வது பிரிவின்படி முதலில் துறையிடம்தான் புகார் கொடுக்க வேண்டும்.