தனியாகச் செல்பவருக்கு வெந்நீரூற்று விடுதி – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் யோகோஹாமாவில் சில ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். ஜப்பானிய வெந்நீரூற்று விடுதிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், மனம் அடங்கும் இடங்களில் அவை முதன்மையானவை என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் சென்ற ஜனவரியில் அகிதா மாகாணத்து மலையிலுள்ள ஒரு விடுதிக்குத் தனியாகக் கிளம்பினேன்.

தொல்லை முன்பதிவிலேயே தொடங்கியது. இருவர் என்று குறித்தால் அறைகள் இருந்தன. ஒருவர் என்று மாற்றியதும் ஒன்றுகூட இல்லை. சில விடுதிகள் தொலைபேசியிலும் மறுத்துவிட்டன. ஒப்புக்கொண்ட விடுதியோ, இருவராகச் சென்றால் ஒருவர் தருவதைப் போல ஒன்றரை மடங்கு கேட்டது. அகிதாவுக்குச் செல்லும் கோமாச்சி வேக ரயில் வழியிலுள்ள மோரியோக்கா வரை நொடி பிசகாமல் ஓடி, அதற்குப் பிறகு பனியில் நின்று நின்று சென்றது. நான் இறங்கியபோது கடைசிப் பேருந்து போய்விட்டது. விடுதியின் வண்டி வேண்டுமென்றால் முன்தினமே சொல்லியிருக்க வேண்டுமாம். டாக்சி பிடித்துப் போய்ச் சேர இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. சமையலறை மூடியிருந்தது, ஆனால் இரவுணவுக்கும் சேர்த்தே கட்டணம். எனக்காக எடுத்துவைத்திருந்த சோற்றுருண்டைகளுக்குள் மீன் இருந்தது, நான் சைவம். பசியோடே குளிக்கப் போய், தண்ணீரை விட்டு எழுந்தபோது கண் இருட்டிவிட்டது. பக்கத்திலிருந்த மூதாட்டி ஒருவர் தாங்கிப் பிடித்திராவிட்டால் கல்தரையில் விழுந்திருப்பேன்.

தனியாக வருபவர்களை இவர்கள் விரும்புவதில்லையா? நான் மறுபடியும் முயலலாமா, அல்லது இது குடும்பத்தோடும் நண்பர்களோடும் செல்பவர்களுக்கான இடம் என்று விட்டுவிடலாமா?

வாசகி, யோகோஹாமா

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து வருந்தினேன். முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன்: மறுபடியும் போங்கள், தனியாகவே போங்கள். ஆனால் வேறு வகை விடுதிக்கு, வேறு பருவத்தில் போங்கள். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் தங்கியது போன்ற ரியோகான்கள், அதாவது ஜப்பானிய மரபுவழி விடுதிகள், ஒரு மாலைப்பொழுதையும் மறுநாள் காலையையும் சேர்த்து ஒரே பொருளாக விற்கின்றன. அறை அதில் ஒரு பகுதி மட்டுமே. விருந்தினர் பிற்பகல் மூன்று மணியளவில் வந்து சேர வேண்டும், குளிக்க வேண்டும், ஆறு அல்லது ஆறரைக்கு உணவில் அமர வேண்டும். பல இடங்களில் அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் தத்தாமி என்னும் தரைப்பாயின் மேல் படுக்கை விரித்துவிடுவார்கள். காலையில் மீண்டும் குளியல், சிற்றுண்டி, பத்து மணிக்குப் புறப்பாடு. இரவுணவுக்கான பொருள்களை ஆள்கணக்குப் பார்த்து முன்கூட்டியே வாங்கிவிடுவதால்தான் வராத விருந்துக்கும் பணம் வாங்குகிறார்கள். கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்றே குறிப்பிடுவார்கள். அந்தக் கணக்கு ஓர் அறையில் குறைந்தது இருவர் தங்குவதாக வைத்துப் போட்டது. பந்தியில் ஒருவர் உட்கார்ந்தாலும் அடுப்பு மூட்டித்தானே ஆக வேண்டும்? அந்த ஒன்றரை மடங்கை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன்.

மறுப்பது வேறு. அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. தனியாக வரும் விருந்தினரை, அதிலும் பெண்ணை, உயிரை மாய்த்துக்கொள்ள மலைக்கு வந்தவரோ என்று ஐயுறும் வழக்கம் அந்நாட்டு விடுதிகளில் நெடுங்காலம் இருந்தது. 1970இல் ஜப்பான் தேசிய ரயில்வே தொடங்கிய ‘டிஸ்கவர் ஜப்பான்’ விளம்பர இயக்கத்திற்குப் பிறகு இளம்பெண்கள் ஊர் ஊராகச் செல்வது இயல்பாகிவிட்டது. இன்று மறுப்பவர்களைத் தடுப்பது பெரும்பாலும் வருமானக் கணக்கே என்பதால்தான் சனிக்கிழமைகளிலும், ஆண்டிறுதியிலும், இலைகள் சிவக்கும் வாரங்களிலும் ஒற்றை விருந்தினருக்கு இடம் கிடைப்பதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜப்பானிய இல்லங்களில் ஏறக்குறைய 38 விழுக்காடு ஒரே ஆள் வாழும் இல்லங்கள் என்று தெரியவந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஒருவருக்கு அறை இல்லை என்று சொல்வது, தன் மக்களில் பெரும்பகுதியினரின் முகத்தில் கதவைச் சாத்துவதாகும். கூடுதல் பணம் கேட்கட்டும். வராதே என்று சொல்லக் கூடாது.

ஆனால் தனியாக வருபவர்களுக்கு வெந்நீரூற்றுகளில் இடமே இருந்ததில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று நாம் காணும் பல வகைப் பதார்த்த விருந்தும் பணிவிடையும் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தோஜி என்ற நீர்ச் சிகிச்சை மரபு அங்கே இருந்துவருகிறது. அறுவடை முடிந்து உடல் ஓய்ந்த உழவர்கள் அரிசியையும் மிசோ என்னும் சோயா விழுதையும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி, ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஒரு நாளில் பலமுறை நீரில் அமர்ந்துவிட்டுத் திரும்பினார்கள். மூட்டு வலிக்காரர்களும், நோயிலிருந்து எழுந்தவர்களும், துணையை இழந்த முதியவர்களும் தனியாகவே வந்தார்கள். அந்த மரபு வடகிழக்கு ஜப்பானில் இன்னும் உயிரோடிருக்கிறது. இவாதே மாகாணம் ஹனமாகியை அடுத்த ஓசவா ஒன்சென் என்ற வெந்நீரூற்றிலும், அதே பள்ளத்தாக்கின் நமாரி ஒன்செனிலும், அவோமோரியின் சுகாயுவிலும் தோஜிக்கென்றே தனிப் பகுதிகள் உள்ளன. அறைகள் சிறியவை, சுவர்கள் மெல்லியவை. பக்கத்து அறை இருமல் உங்களுக்குக் கேட்கும். சமையலறை பொது. சில இடங்களில் நாணயம் போட்டால் மட்டுமே எரியும் அடுப்புகள் உண்டு. படுக்கைக்கும் கணப்புக்கும் தனித்தனியாக வாடகை வாங்கும் வழக்கமும் உண்டு. அங்கே யாரும் உங்களைத் தனியாகவா வந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள். நமாரியில் நின்றபடியே குளிக்கும் ஆழமான குளம் ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 1.25 மீட்டர் ஆழம், அடியில் பாறையிலிருந்தே நீர் ஊறி வருகிறது. நான் மனம் அடங்கும் இடம் என்று எழுதியபோது என் நினைவில் இருந்தவை இத்தகைய வீடுகளே.

உணவுச் சிக்கலுக்கும் இது விடையாகும். பகட்டான விடுதியில் சைவராக இருப்பது எளிதன்று. மீன் துண்டுகளை விலக்கிவிடலாம். ஆனால் உலர்த்திய மீனைச் சீவிக் காய்ச்சிய தாஷி நீர்தான் சூப்பிலும், வேகவைத்த காய்கறியிலும், சில வேளைகளில் ஊறுகாயிலும்கூட அடிப்படையாக இருக்கும். சமைப்பவர் அதை மீன் என்றே கருதமாட்டார். பதிவின்போது ‘சைவம்’ என்று சொல்வது போதாது. மீன் தாஷியும் கூடாது, கடற்பாசியிலோ காளானிலோ எடுத்த தாஷி போதும் என்று எழுத வேண்டும், அதையும் சில நாள்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். தோஜி விடுதியில் நீங்களே சோறு பொங்கி ரசம் வைத்துக்கொள்ளலாம். விருந்துதான் வேண்டும் என்றால், கூக்காய் துறவி 816இல் நிறுவிய கோயாசான் மலைக்குப் போகலாம். அங்குள்ள மடங்களின் விருந்தினர் இல்லங்களில் துறவியரின் சைவ உணவு கிடைக்கும், அவற்றில் ஃபுகுச்சி-இன் என்ற மடத்தில் வெந்நீரூற்றும் இருக்கிறது.

ரயிலைப் பற்றி உங்களைப் போலவே பலரும் எண்ணுகிறார்கள்: ஷின்கான்சென் என்ற வேக ரயில் தாமதமாகாது என்று. டோக்கியோவிலிருந்து மோரியோக்கா வரை அது ஏறக்குறைய உண்மை. அந்தப் பாதை வேக ரயிலுக்கென்றே கட்டப்பட்டது. கோமாச்சி அதில் மணிக்கு 320 கிலோமீட்டர் வரை ஓடும். மோரியோக்காவில் பிரிந்தபின் அது ஓடுவது மலைகளுக்கிடையே போடப்பட்ட பழைய வழக்கமான பாதை. 1997இல் அகிதா ஷின்கான்சென் தொடங்கியபோது தண்டவாள அகலத்தை மட்டும் 1,067 மில்லிமீட்டரிலிருந்து 1,435 மில்லிமீட்டராக மாற்றினார்கள். பெரும்பகுதி ஒற்றைத் தடம், தெருக்கள் குறுக்கிடும் கடவுகள் உண்டு, வேகம் 130 கிலோமீட்டரைத் தாண்டாது. ஒற்றைத் தடத்தில் ஒரு ரயில் பனியில் சிக்கினால் எதிரே வருவதும் நிற்க வேண்டியதுதான். அந்த இரண்டாம் பகுதிக்கு ஜனவரியில் எப்போதும் சில மணிநேரம் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மலையூர்களில் பேருந்து ஓட்டுநர்கள் ஏற்கெனவே குறைவு. 2024 ஏப்ரல் முதல் அவர்களது கூடுதல் பணிநேரத்துக்குச் சட்ட வரம்பும் வந்துவிட்டது. அது அவர்களுக்குத் தேவையான பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன். ஆகவே பயணத்தைக் கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்கு முந்தைய பேருந்தைப் பிடிக்கும்படி டோக்கியோவிலிருந்து கிளம்புங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் அஞ்சவைத்தது அந்த மயக்கம். வெந்நீர் தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. நீரில் இருக்கும்வரை அதன் அழுத்தம் கால்களைத் தாங்கிக்கொள்கிறது. திடீரென்று எழுந்தால் அந்தத் தாங்கல் போய், இரத்தம் கீழே இறங்கி, மூளைக்குச் செல்வது சற்றுக் குறைகிறது. வெறும் வயிறும், ரயிலின் வறண்ட காற்றில் ஏற்பட்ட நீரிழப்பும் சேர்ந்தால் இளவயதினரும் விழுவார்கள். விடுதி அறையின் தாழ்ந்த மேசையில் தேநீரும் ஓர் இனிப்பும் வைத்திருப்பார்களே, அதைக் குளிக்கப் போவதற்கு முன் உண்ண வேண்டும். நாளெல்லாம் பயணம் செய்து வந்தவருக்குச் சற்றுச் சர்க்கரையும் நீரும் சேர்வதற்கு அது உதவும். பின்பு பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி நீரை மொண்டு ஊற்றி உடலைப் பழக்குங்கள். முதல்முறை ஐந்து நிமிடம் போதும். எழுவதற்கு முன் விளிம்பில் சற்று அமர்ந்திருங்கள். தனியாகச் செல்பவர் யாருமற்ற நள்ளிரவுக் குளியலைத் தவிர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். உங்களைப் பிடித்த அந்த மூதாட்டி அங்கே இருந்தது பெரும் பேறு.

இனி அடுத்த பயணத்திற்கு. ஜூன் தொடக்கத்தில், செவ்வாய் அல்லது புதன்கிழமை போங்கள். இணையத்தில் இடமில்லை என்று காட்டினாலும் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். நான் ஹனமாகியையே பரிந்துரைக்கிறேன். ஷின்-ஹனமாகி நிலையம் மோரியோக்காவுக்கு முன்னால், வேக ரயிலின் முதன்மைப் பாதையிலேயே இருப்பதால், நீங்கள் பட்ட ஒற்றைத் தடத் தொல்லை அங்கே இல்லை. நிலையத்திலிருந்து விடுதி வரை வண்டி உண்டா, எத்தனை மணிக்கு என்பதைப் பதிவின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவோடு திரும்பிவிடாமல் இரண்டு மூன்று இரவுகள் தங்குங்கள். முதல் நாள் தாமதமாகிப் போனாலும் முழுதாக ஒரு நாள் மிஞ்சும். வழியில் எது தாமதமானாலும் ரயிலிலிருந்தே விடுதிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குள் சொன்னால், மீனில்லாத சோற்றுருண்டையை எடுத்துவைக்கச் சமையலறையில் ஆள் இருப்பார்.

அன்புடன்.