மலைப்பாதையில் காரோடு டிரெய்லர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்குக் கம்பத்தில் வீடும், குமுளியைத் தாண்டி அணக்கரைப் பக்கம் சிறிய ஏலத்தோட்டமும் உள்ளன. நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய எஸ்.யூ.வி. வைத்திருக்கிறேன். மேலே போகும்போது எட்டு உரமூட்டைகள், திரும்பும்போது ஏறத்தாழ அதே எடைக்கு மிளகும் காப்பிக்கொட்டையும் கொண்டுவர வேண்டும். பின்னால் கொக்கி பற்றவைத்து, இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். பாதுகாப்பாக இழுக்க முடியுமா?
– வாசகர், கம்பம்

பதில்: ஐயா, தங்கள் கார் அந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையேறிவிடக்கூடும். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். இறக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது யார் என்பதே என் கவலை.

காரும் உள்ளே இருவருமாக 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ மூட்டைகள் எட்டும், டிரெய்லரின் சொந்த எடை 150 கிலோவும் சேர்த்தால் பின்னால் 550 கிலோ வருகிறது. பட்டறையில் செய்யும் சிறிய டிரெய்லருக்குத் தனி பிரேக் இருப்பது அரிது. ஆகவே 1,800 கிலோவையும் காரின் நான்கு சக்கர பிரேக்குகளே தாங்க வேண்டும். குமுளியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை 500 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கணக்கிட்டால், அந்த இறக்கத்தின் ஆற்றல், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை 20 முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக்கில் சூடாக இறங்கும். தனிக் காரை விட டிரெய்லரோடு அந்தச் சுமை நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. பிரேக் எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்துவிட்டால், மிதிக்கும் பெடல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போய்விடும்.

மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்கள் தெரியும் வளைவுக்குக் கீழே, இப்படி ஒரு காரை ஓரங்கட்டி நிறுத்தியிருந்ததை ஒரு மழைக்காலத்தில் பார்த்தேன். முன்சக்கரத்திலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டியபோதே வெப்பம் அறைந்தது. கொக்கியைக் குனிந்து பார்த்தால், பற்றவைத்த இடத்தைச் சுற்றியிருந்த மெல்லிய தகடு கிழியத் தொடங்கியிருந்தது. அந்தக் குடும்பம் பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்தது; அன்றைக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

தகடு கிழிந்ததற்குக் காரணம் உண்டு. ஜீப்புக்கு அடியில் ஏணிபோன்ற தனிச் சட்டம் ஓடுகிறது. தங்கள் வண்டி போன்றவற்றில் உடலே சட்டமாகையால், தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த இடங்களைத் தவிர வேறெங்கும் இழுவிசையைத் தாங்க அது வடிவமைக்கப்படவில்லை. கருவிப்பையில் வரும் திருகு வளையம், பழுதான வண்டியை அப்புறப்படுத்த மட்டுமே. வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து, டிரெய்லர் பற்றிய பகுதியைப் படியுங்கள். இழுவை எடை குறிக்கப்படாமலிருந்தாலோ, இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தாலோ அதுவே முடிவு. வெளிநாட்டில் அதே மாடலுக்குச் சொல்லப்படும் அளவை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. கொக்கியில் எடை அழுத்தும்போது மூக்கு தூக்கிக்கொள்வதால், மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது முன்சக்கரம் வழுக்கிச் சுழலும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. பதிவில்லாமல் அதைச் சாலையில் கொண்டுபோகக் கூடாது. மூட்டை ஏற்றும் நாட்களில் மட்டும் ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து தென்காசி வரை சமதரையில் மட்டும், பதிவு செய்த சிறிய டிரெய்லர் இழுக்கலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: கையேடு அனுமதித்தால், அது குறிப்பிடும் எடைக்குள் இழுக்கலாம். சுமையை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்துவது பொதுவான அளவு, ஆனால் கையேடு சொல்லும் வரம்பைத் தாண்டக் கூடாது. பாரம் பின்னால் போய்விட்டால் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கொக்கிக்குத் துணையாக இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். பின்விளக்குகள் எரிகின்றனவா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இறங்கிப் பாருங்கள். மலையேறும் புளியரை எஸ் வளைவுப் பக்கம் மட்டும் அந்த டிரெய்லரோடு போக வேண்டாம்.