டெஸ்ட்டே இல்லாத பழைய பிஎச்பி கோட்: திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

டெஸ்ட் (கோட் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் நிரல்) ஒன்றும் இல்லாத பழைய பில்லிங் மென்பொருளைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக எழுதாதீர்கள். இப்போதைக்காவது வேண்டாம்.

நீங்கள் சொன்ன நிலைமை யாழ்ப்பாணத்தில் பலருக்குப் பழக்கமானது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய பில்லிங் மென்பொருள், எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், ஒரு டெஸ்ட்கூட இல்லை, ஆனால் டவுன் கடைகள் தினமும் அதில்தான் பில் போடுகின்றன. நானும் இப்படி ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பார்க்க அசிங்கமாக இருக்கும் வரிகளில் பாதிக்கு ஒரு காரணம் இருக்கும். எங்களுடையதில் வாடிக்கையாளர் பெயர்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவான பாமினியில் கிடக்கின்றன. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, கணினிக்கு வெறும் அரைப்புள்ளிக் குறிதான். பாதுகாப்புக்கென்று அந்தக் குறியை யாராவது கழித்துவிட்டால் சுந்தர் ‘சுநதர’ ஆகிவிடுவார். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான்: பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் 12 இலக்கம். இரண்டும் உள்ளே வரவேண்டும். வற் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. பழைய பில்லை மறுபடி அச்சடித்தால் அன்றைய வீதம்தான் வரவேண்டும். எந்தத் தேதிக்கு எந்த வீதம் என்று வரிசையாக நிற்கும் அந்த இஃப் (if) நிபந்தனைகளைப் பார்த்துச் சலித்துக்கொண்டு ஒரே எண்ணாகச் சுருக்கினால், கணக்காளர் அக்கா உங்களைத் தேடி வருவார்.

கோட் என்ன செய்யவேண்டும் என்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இப்போது என்ன செய்கிறது என்பதைப் பதியுங்கள். உண்மையான பழைய பில்களை எடுத்து, பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டு, அப்படியே ஓட்டுங்கள். வரும் தொகையையும் அச்சுக்குப் போகும் எழுத்தையும் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு திரும்ப ஓட்டி ஒப்பிட்டால் போதும், அதுவே உங்கள் முதல் டெஸ்ட். பிழை தென்பட்டால் பிழையோடேயே பதியுங்கள். அதைத் திருத்துவது வேறொரு கமிட் (தனியாகப் பதியும் மாற்றம்), அதுவும் கடைக்காரரிடம் கேட்ட பிறகு. அவர் அந்தப் பிழையை நம்பித்தான் கணக்கு முடிக்கிறாரோ என்னவோ!

இதில் முதலில் கையைக் கடிப்பது தேதி. கோட் நடுவில் எங்கேயோ கணினியின் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும், அதனால் நேற்றைய விடை இன்று வராது. தேதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி அந்த ஃபங்ஷனை மாற்றுங்கள். டெஸ்ட் இல்லாமல் துணிந்து தொடவேண்டிய இடம் இது, ஆகவே வேறெதையும் கூடவே மாற்றாதீர்கள்.

அப்புறம் டேட்டாபேஸ். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்களை 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7 நீக்கிவிட்டது. அவற்றை ஒரே கோப்புக்குள் ஒதுக்கியபின், பிஎச்பியின் இன்னொரு டேட்டாபேஸ் இணைப்பு முறையான பிடிஓவுக்கு மாறுங்கள். பிஎச்பி 8க்குப் போகும்போது இன்னொரு பொறி உண்டு: முன்பு சாதாரண ஒப்பீட்டில் பூச்சியமும் வெற்றுச் சரமும் சமம், 8இல் சமமில்லை. தள்ளுபடிக் கட்டத்தை வெறுமையாக விட்ட பில்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எர்ரர் எதுவும் வராது, தொகை மட்டும் மாறியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுத உட்கார வேண்டாம். காசு போகும் வழிக்கு எழுதுங்கள். யாரும் திறக்காத ரிப்போர்ட் பக்கங்கள் அசிங்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். முதலாளியிடம் ரீஃபாக்டரிங்குக்கென்று (செயல் மாறாமல் கோடைச் சீரமைப்பது) தனியாக மூன்று மாதம் கேட்டால் தரமாட்டார். அடுத்த வரி மாற்றமோ புதிய பிரிண்டரோ வரும்போது, அது தொடும் பகுதியை மட்டும் அதே வேலையோடு சுத்தம் செய்யுங்கள்.