ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடையா? கொட்டிவிடாதீர்கள்

ஜெர்மனியின் மோசல் பகுதியில் விளைந்த, பத்து வருடப் பழைய ரீஸ்லிங் வெள்ளை வைனைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது ரீஸ்லிங்கின் சுபாவம். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகள் சிதைந்து, பாட்டிலில் கிடக்கக் கிடக்க டிடிஎன் என்ற சேர்மம் உருவாகிறது. அதன் வாடைதான் இது. கொடியில் பழத்தின் மேல் வெயில் அதிகம் பட்டால் இதன் அளவும் கூடும். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கில் சீக்கிரமே தலைகாட்டும்; குளிரான மோசலின் செங்குத்தான ஸ்லேட் கல் சரிவுகளில் விளைந்ததில் மெதுவாக வரும். இதற்காகவே பாட்டிலை வருடக்கணக்கில் பூட்டி வைப்பவர்கள் உண்டு (நானும் அந்தக் கட்சிதான்).

கொஞ்ச நேரம் கிளாஸில் விட்டுவைத்து மறுபடி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை, தேன் வாசனை கூடவே வந்தால் சரி, குடிக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் என்றால் அது வேறு கதை, பாட்டிலை மூடும் கார்க்கால் வரும் கோளாறு. வாங்கிய கடையில் கேளுங்கள்.