சமாரியனும் நடந்தான்

கேள்வி: ஆண்டுக்கு ஒரு நற்காரியத்தைத் தேர்ந்தெடுத்து, எங்கள் சபையார் ஒரே நிற டி-ஷர்ட் அணிந்து விழிப்புணர்வு நடைப்பயணம் போகிறோம். எப்போதும் முன்வரிசையில் நடக்கும் பெரியவர் ஒருவர் இம்முறை மூட்டுவலியால் வரவில்லை. மற்றபடி நல்ல கூட்டம். படங்கள் அனுப்பியும் நீங்கள் வெளியிடவில்லை. இது கிறிஸ்தவ இரக்கம் இல்லையா?

பதில்: ‘நடைப்பயணம்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையிலும் ஒரு நடை இருக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதை, சுமார் 1,000 மீட்டர் இறக்கம். கள்ளரிடம் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடந்தவனைச் சமாரியன் ‘சுயவாகனத்தின்மேல் ஏற்றி’, அதாவது தன் சவாரி மிருகத்தின்மேல் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோனான் என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. சரி, அடிபட்டவன் ஏறிவிட்டான். ஏற்றியவன்? நடந்துதான் போயிருப்பான். ஒரு கையில் கயிறு, மறு கை அவன் சரிந்துவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் துணி. காயங்களைக் கட்டினான் என்று இருக்கிறது, கட்டிய துணி எங்கிருந்து வந்தது என்று இல்லை. தன் உடுப்பைத்தான் கிழித்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தில் டி-ஷர்ட் என்று படித்ததும் அந்தக் கிழிந்த உடுப்புதான் கண்முன் வந்தது.

துணி என்றதும், பின்னாளில் பிரான்சின் தூர் நகர ஆயராகிப் புனிதராகப் போற்றப்பட்ட மார்ட்டின். 4-ஆம் நூற்றாண்டு, ரோமப் படைவீரர், ஞானஸ்நானம்கூட இன்னும் பெறவில்லை. அமியான் நகர வாசலில், கடும் குளிரில், ஆடையில்லாத ஒரு பிச்சைக்காரர். மார்ட்டின் வாளை உருவித் தன் மேலங்கியை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்தார். மீதிப் பாதியோடு நின்றவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்களாம். அவருடையது என்று போற்றப்பட்ட அந்த அங்கியை வைத்திருந்த இடத்துக்கு லத்தீனில் ‘கப்பெல்லா’, அதாவது சிற்றங்கி, என்று பெயர் வந்தது. அதிலிருந்து வந்ததுதான் இன்று நாம் சொல்லும் ‘சேப்பல்’. நாம் முழங்கால் போடும் இடத்துக்கே ஒரு வெட்டுண்ட துணியின் பெயர்! இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

நிதி திரட்டுவதை நான் குறை சொல்லவில்லை. சமாரியனும் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். அன்றைக்கு அது இரண்டு நாள் கூலி. ஆனால் எப்போது கொடுத்தான்? ‘மறுநாளிலே.’ முதல் இரவு முழுக்க அவனே பார்த்துக்கொண்டான். கை வைத்த பிறகுதான் பணம். திரும்பி வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். உங்கள் நடைப்பயணத்துக்கோ ஆண்டுதோறும் காரியம் மாறிவிடுகிறது. போன ஆண்டு யாருக்காக நடந்தீர்களோ, அவர்களில் ஒருவரையாவது இந்த ஆண்டு திரும்பப் போய்ப் பார்த்தீர்களா?

படங்களைப் பற்றி: உதவி வாங்குகிறவரின் முகம் தெரியும் படத்தை இந்தப் பத்திரிகை போடாது. இதற்காகச் சந்தாவை நிறுத்தியவர்கள் உண்டு, என்னோடு இன்றுவரை பேசாதவர்களும் உண்டு. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று மத்தேயு 6-இல் இருக்கும்போது, கேமராவுக்கு மட்டும் எப்படி விதிவிலக்கு கொடுப்பேன்?

என் அம்மா கடைசி ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். ஜெபிக்க நிறையப் பேர் வந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து, அம்மாவின் கால்களை வெந்நீரில் ஊறவைத்து, தடித்துப்போன நகங்களை ஒவ்வொன்றாக வெட்டி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போவார். வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், அம்மாவுக்கு வலித்துவிடுமோ என்று. மகனாகிய எனக்கு அந்த நகங்கள் அதுவரை கண்ணில் படவே இல்லை. அவர் எந்த நடைப்பயணத்திலும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

உங்கள் கடிதத்தில் ஓர் அரை வரி இருக்கிறது: முன்வரிசையில் நடக்கும் பெரியவர், மூட்டுவலி, வரவில்லை. அவர் வீட்டுக்கு நீங்கள் எப்போது போகிறீர்கள்?