இண்டி பாட்டுன்னா கொஞ்சம் பாத்து எழுதக்கூடாதா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அக்கா வணக்கம்,

நாலு வருஷமா உங்க பக்கத்த படிக்கிறேன், இப்பதான் முதல் தடவ எழுதறேன், அதுவும் சண்ட போட. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பையனோட முதல் ஆல்பம் பத்தி எழுதியிருந்தீங்க. ஏழு பாட்டு, இண்டி, அதாவது லேபிள் (பாட்டு கம்பெனி) கிடையாது, மொத்தமும் ஒரு பெட்ரூம்ல லேப்டாப்பும் ஒரே ஒரு மைக்கும் வச்சு பண்ணது. அத "குரல் ரிவெர்புக்குள்ள (எதிரொலி எஃபெக்ட்) மூழ்கிக் கிடக்கு, பாட்டுக்கு அடியில பிடிமானமே இல்ல, ஏழும் ஒரே பாட்டு மாதிரி போகுது"ன்னு மூணு வரியில முடிச்சுட்டு அடுத்த ஆல்பத்துக்கு போயிட்டீங்க. பெரிய கம்பெனி பாட்ட எவ்வளவு வேணா கிழிங்க, அவங்களுக்கு ஒன்னும் ஆகாது. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ரெவ்யூ வர்றதே அபூர்வம், அதுவும் இப்படி வந்தா? கொஞ்சம் பாத்து எழுதக்கூடாதா?

இன்னொன்னு. என்னோட ஈபி (குட்டி ஆல்பம்) அடுத்த மாசம் வருது. காசு கொடுத்தா ரெவ்யூ போடறோம், பிளேலிஸ்ட்ல சேக்கறோம், இத்தன ஸ்ட்ரீம் கேரண்டின்னு தினம் ரெண்டு மெயில் வருது. கொடுக்கலாமா?

(பேர் போடாதீங்க அக்கா.)

---

தம்பி,

பதில் எழுத பத்து நாள் ஆயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க. அந்த ஆல்பத்த திரும்ப ஒரு தடவ கேக்காம எழுதறது சரியா படல, கேட்டதுக்கு அப்புறம் என்ன எழுதறதுன்னு தெரியாம கொஞ்ச நாள் போச்சு.

உண்மைய சொல்லிடறேன். முதல் தடவ அத எப்படி கேட்டேன்னா, போன ஜன்னல்ல சாத்தி வச்சுட்டு, துணி மடிச்சுக்கிட்டே, போன் ஸ்பீக்கர்ல. ரெண்டு பாட்ட பாதியிலயே தள்ளி விட்டேன். அன்னிக்கு ஒரே பதிவுல ஆறு ஆல்பத்த முடிக்கணும்னு நானே எனக்கு ஒரு கணக்கு வச்சிருந்தேன், இது அஞ்சாவது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சோத்துக்கு வேணா சொல்லலாம், ஆல்பத்துக்கு அது ஆகாது, இது எனக்கே தெரியும், தெரிஞ்சேதான் பண்ணேன்.

இந்த வாட்டி ஒயர் வச்ச ஹெட்போன் போட்டு உக்காந்தேன். முதல் பாட்டு ஆரம்பிச்சு பத்து செகண்ட்ல முகத்துல அறஞ்ச மாதிரி இருந்துச்சு, ஏன்னா அடியில ஒரு பேஸ் (ரொம்ப கீழ் சுரம்) போய்க்கிட்டிருக்கு, அதுதான் பாட்டயே தூக்கி நிறுத்துது, அத நான் முதல் தடவ கேக்கவே இல்ல. அந்த பையன் பேஸ் கிடார் வாசிக்கல, சின்த்ல (எலக்ட்ரானிக் கீபோர்ட்) ரொம்ப கீழ, கிட்டத்தட்ட வெறும் சைன் வேவ், அதாவது ஒரே ஒரு சுரம் மட்டும் இருக்கற மாதிரி ஒரு சத்தம் வச்சிருக்கார். பேஸ் கிடாரோட தடி கம்பிய அப்படியே தட்டினா 41 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 41 அதிர்வு) வரும், போன்ல இருக்கற குட்டி ஸ்பீக்கரால அவ்வளவு கீழ சத்தம் தள்ள முடியாது, ஆனாலும் போன்ல பேஸ் கிடார் ஓரளவு கேக்குதே எப்படின்னா அந்த கம்பியோட சேர்ந்து மேல் சுரங்களும் அதிரும், அத பிடிச்சுக்கிட்டு கீழ இருக்கற சுரத்த மூளையே ஊகிச்சு நிரப்பிக்கும். சுத்தமான சைன் வேவ்ல அந்த மேல் சுரமே கிடையாது, அதனால போன்ல அது அப்படியே காத்துல கரஞ்சு போயிடும். ஆக பிடிமானமே இல்லன்னு நான் எழுதினது அவர் பாட்ட பத்தி இல்ல, என் போன பத்தி. பழைய பதிவோட தலையிலயே இத எழுதி திருத்தம் போட்டுட்டேன், போய் பாருங்க.

(உங்களுக்கும் ஒன்னு சொல்றேன், இது ரெவ்யூ எழுதறவளா இல்ல, காதா. பாதி பேர் போன்லதான் கேப்பாங்க, நம்ம அவங்கள மாத்த முடியாது. மிக்ஸ் பண்றவங்க கடைசியில ஒரு தடவ போன்லயும் போட்டு பாக்கறது அதுக்குத்தான், பேஸ் மேல லேசா டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏத்தினா மேல் சுரம் கொஞ்சம் முளைக்கும், சின்ன ஸ்பீக்கர்லயும் தல காட்டும். உங்க ஈபி இன்னும் மாஸ்டரிங் (கடைசி மெருகு) போகலன்னா இப்பவே பாத்துடுங்க.)

மூணாவது பாட்டு. கிட்டத்தட்ட ரெண்டாவது நிமிஷத்துல எல்லா வாத்தியமும் நின்னுடுது, குரலும் பேஸும் மட்டும். குரல் கீழ இறங்க இறங்க பேஸ் ஒவ்வொரு படியா மேல ஏறுது, ரெண்டும் ஒரு இடத்துல உரசிக்கற மாதிரி வந்து, உரசறதுக்கு முன்னாடி அவர் ஒரு மூச்சு இழுக்கறார், அந்த மூச்சோட சேர்ந்து நாற்காலி ஒன்னு கிறீச்னு முனகுது. அவ்வளவுதான், திரும்ப டிரம்ஸ் வந்துடுது. நான் அந்த இடத்த மட்டும் ஏழெட்டு தடவ ஓட்டியிருப்பேன். இத கேட்டவ "ஏழும் ஒரே பாட்டு"ன்னு எழுத மாட்டா. அதையும் வாபஸ் வாங்கிட்டேன்.

ரிவெர்ப் விஷயத்த மட்டும் வாங்க மாட்டேன். ஹெட்போன்லயும் அப்படித்தான் இருக்கு. க, த, ப எல்லாம் நுனி மழுங்கி ஒன்னு மேல ஒன்னு வழியுது, அஞ்சாவது பாட்டுலயும் ஆறாவதுலயும் நாலு தடவ கேட்டும் என்ன பாடறார்னு பிடிபடல. பாட்டு வரிய தனியா போட்டிருக்கார், படிச்சேன், நல்ல வரி, அதனாலதான் கோவமே வருது. கூச்சத்துல குரல ஒளிச்சு வைக்கறாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பெட்ரூம், ஒரு மைக்கு, காசில்ல எல்லாம் சரி, ஆனா ரிவெர்ப கம்மி பண்ண காசு வேண்டாமே, ஒரு குமிழ திருப்பினா போதும்.

இங்கதான் உங்க கேள்விக்கு வர்றேன், பாத்து எழுதக்கூடாதான்னு. பாவம்னு நெனச்சு நான் இத விட்டிருந்தா அடுத்த ஆல்பத்துலயும் அதே மாதிரி முங்கித்தான் பாடுவார், சுத்தி இருக்கற பிரெண்ட்ஸ் ஏற்கனவே "செம மச்சி" சொல்லியாச்சு, அவங்களால வேற என்ன சொல்ல முடியும். இன்னொரு பக்கம் என்ன நம்பி லிங்க அமுக்கறவங்க இருக்காங்க. இண்டிங்கற ஒரே காரணத்துக்காக சுமாரான ஆல்பத்த ஆஹா ஓஹோன்னு சொன்னா, அவங்க ஒரு தடவ ஏமாறுவாங்க, நாளைக்கு நிஜமாவே நல்லா பண்ண ஒருத்தர நான் கை காட்டும்போது திரும்பி கூட பாக்க மாட்டாங்க. அடி விழறது உங்களுக்குத்தான்.

அதுக்காக பெரிய ஸ்டார் படத்து பாட்டும் இதுவும் ஒன்னுன்னு சொல்லல. அவர் பாட்ட நான் திட்டினாலும் திட்டாட்டியும் ஊரே கேக்கப்போகுது, அதுல திட்டுக்கு ஒரு வேல இருக்கு. யாருக்குமே தெரியாத ஒருத்தர் ஆல்பத்த பத்தி "கேக்காதீங்க"ன்னு எழுதறதுல என்ன இருக்கு, அவங்க கேக்கறதாவே இல்லையே. அதனால புதுசா வர்றவங்கள்ல ஒன்னுமே பிடிக்கலன்னா நான் எழுதறதே இல்ல, சும்மா விட்டுடுவேன். இந்த பையன பத்தி எழுதினேன்னா துணி மடிக்கும்போதே ஏதோ ஒன்னு இழுத்திருக்குன்னுதான் அர்த்தம், அது என்னன்னு சொல்லாம குறைய மட்டும் மூணு வரியில கொட்டிட்டேன். நீங்க என்ன திட்ட வேண்டியது அதுக்கு.

மார்க் போடற சமாச்சாரம் இன்னும் மோசம். பிட்ச்ஃபோர்க்குங்கற அமெரிக்க இசை விமர்சன தளம் பத்துக்கு இவ்வளவுன்னு தசமத்துல மார்க் போடறது உங்களுக்கு தெரியும். 2003ல லிஸ் ஃபேர்ங்கற அமெரிக்க பாடகி இண்டில இருந்து பெரிய லேபிளுக்கு போய் ஒரு பாப் ஆல்பம் போட்டாங்க, அதுக்கு 0.0. அடுத்த வருஷம் டிராவிஸ் மாரிசன்ங்கற ராக் பாடகரோட தனி ஆல்பத்துக்கும் 0.0. பூஜ்யம்னா என்ன அர்த்தம், ஒரு சுரம் கூட ஒழுங்கா இல்லையா? அதுல இருந்தது பாட்டு மேல இருக்கற கருத்து இல்ல, "நீ எப்படி இத செய்யலாம்"ங்கற ஆத்திரம். லிஸ் ஃபேர் ரெவ்யூவ எழுதினவர் 2019ல பகிரங்கமா மன்னிப்பு கேட்டார், 2021ல அந்த தளமே பழைய மார்க்குல 19 ஆல்பத்த எடுத்து மாத்தி போட்டப்போ 0.0 வந்து 6.0 ஆச்சு. பதினெட்டு வருஷம் கழிச்சு. என் திருத்தம் ரெண்டு மாசத்துல வந்துடுச்சுன்னு பெருமப்பட்டுக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், உடனே விட்டுட்டேன்.

ஆனா தம்பி, திட்டு வாங்கி ஒழிஞ்சவங்கள விட யாரும் கண்டுக்காம ஒழிஞ்சவங்கதான் ஜாஸ்தி. வாஷ்டி பன்யன்ங்கற இங்கிலாந்து பாடகி 1970ல முதல் ஆல்பம் போட்டாங்க, பெருசா யாரும் திரும்பி பாக்கல, அவங்க பாட்டயே விட்டுட்டு குழந்த குட்டின்னு போயிட்டாங்க. 2000ல அத மறுபடி வெளியிட்டப்போதான் புது தலமுற பிடிச்சுக்கிச்சு, ரெண்டாவது ஆல்பம் வந்தது 2005ல. நடுவுல முப்பத்தஞ்சு வருஷம். "மூணாவது பாட்டு பிரமாதம், நாலாவது இழுவ"ன்னு அன்னிக்கே ஒருத்தர் கேட்டு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் அப்பப்போ நெனச்சுப்பேன்.

நேர்மாறாவும் நடக்கும். 2024ல கனடாக்காரர் சிண்டி லீ 32 பாட்டு, ரெண்டு மணி நேர ஆல்பம் ஒன்ன ஸ்பாட்டிஃபைல எல்லாம் போடாம, யூடியூப்ல ஒரே நீள வீடியோவாவும் பாடாவதி டிசைன்ல ஒரு வெப்சைட்ல டவுன்லோடாவும் விட்டார். பிட்ச்ஃபோர்க் 9.1 கொடுத்துச்சு, அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் அதே பேச்சு. அவர் அதுக்கு முன்னாடியே பல வருஷம் பேண்டுலயும் தனியாவும் வாசிச்சவர், திடீர்னு முளைச்சவர் இல்ல. எனக்கு அந்த மார்க் முக்கியமா படல, யாரோ ஒருத்தர் ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டிருக்கார் பாருங்க, அது.

சரி, காசு. ரெவ்யூவுக்கு கொடுக்காதீங்க. காசு வாங்கினவர் எழுதறது விளம்பரம், அத விளம்பரம்னு போட்டா கூட பரவால்ல, போட மாட்டாங்க. நீங்களே ஒரு சோதன பண்ணுங்க, அவங்க பழைய ரெவ்யூ ஒன்ன எடுத்து பேர கையால மறைச்சுட்டு படிங்க. "மனதை வருடும் இசை", "புதிய பரிமாணம்", "ஆன்மாவைத் தொடும் குரல்", இது எந்த ஆல்பம்னு உங்களால சொல்ல முடியுதா? எந்த பேர ஒட்டினாலும் ஒட்டிக்கும்.

ஸ்ட்ரீம் கேரண்டி மெயில திறக்கவே திறக்காதீங்க. மனுஷன் கேப்பாருன்னு யாராலயும் கேரண்டி கொடுக்க முடியாது, பாட்டால மட்டும்தான் முடியும், கேரண்டின்னு வந்தா பின்னாடி இருக்கறது பெரும்பாலும் மனுஷன் இல்ல, பாட் (bot), தானா பாட்ட ஓட்டற புரோகிராம். முப்பது செகண்ட் ஓடினா ஒரு ஸ்ட்ரீம் கணக்கு, அத ஓட்ட மிஷினுக்கு என்ன கஷ்டம். ஆனா 2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல பன்னெண்டு மாசத்துல ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது, அதோட கள்ள ஸ்ட்ரீம் அப்பட்டமா மாட்டினா பாட்ட ஏத்தி விட்ட டிஸ்ட்ரிப்யூட்டருக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவுன்னு அபராதம் போடறாங்க. டிஸ்ட்ரிப்யூட்டர் அத யார் தலையில கட்டுவார்னு நான் சொல்லணுமா. ஆயிரத்த தொடணும்னு ஆசப்பட்டு காசு கொடுத்தா பாட்டே தூக்கப்படலாம்.

அதுக்கு பதிலா ரெவ்யூ எழுதறவங்களுக்கு நேரா மெயில் போடுங்க, வியாழன் ராத்திரி போடாதீங்க. 2015ல இருந்து உலகம் பூரா வெள்ளிக்கிழமதான் ரிலீஸ், அதனால வியாழன் ராத்திரி எங்க இன்பாக்ஸ் சந்தக்கடை. மூணு வாரம் முன்னாடி அனுப்புங்க, எந்த பாட்ட முதல்ல கேக்கணும்னு நீங்களே சொல்லுங்க, எல்லாமே என் குழந்தைதான்னு சொன்னா நாங்க முதல் பாட்டோட நிறுத்திக்குவோம். ஸ்பாட்டிஃபை பிட்ச் (பிளேலிஸ்ட்ல சேக்க சொல்லி அவங்ககிட்டயே கேக்கறது) தனி, அது ரிலீஸுக்கு குறஞ்சது ஏழு நாள் முன்னாடி போயிருக்கணும், அத மறந்துடாதீங்க. எனக்கும் லிங்க் அனுப்பிடுங்க. இந்த வாட்டி துணி மடிக்க மாட்டேன்.

அந்த பையனுக்கும் மெயில் போட்டு மன்னிப்பு கேட்டேன். சுருக்கமா ஒரு பதில் வந்துச்சு, ரிவெர்ப் பத்தி ஒரு வார்த்த இல்ல. நாற்காலி சத்தத்த மட்டும் நான் கவனிச்சுட்டேனேன்னு சங்கடப்பட்டிருந்தார், அத எடுக்க மூணு நாள் மல்லுக்கட்டியிருக்கார், முடியல. ஆல்பத்துலயே எனக்கு பிடிச்ச இடம் அதுதான், தயவுசெஞ்சு எடுத்துடாதீங்கன்னு திருப்பி எழுதினேன். இன்னும் பதில் வரல.