மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தால் போதுமா?

மிருதுவான ஹைபிரிட் மெத்தை பற்றிக் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். ஹைபிரிட் என்றால் இரண்டும் கலந்தது, அவ்வளவுதான். கீழே பாக்கெட் ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப் பைக்குள் இருக்கும். மேலே சில அங்குலத்துக்கு மெமரி ஃபோம், லேடெக்ஸ் என்ற ரப்பர் வகை ஃபோம் அல்லது சாதாரண ஃபோம். இந்த மேலடுக்கு தடிமனாகவும் இளக்கமாகவும் இருந்தால் ‘பிளஷ்’ என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள்.

கேள்வி: கடையில் உட்கார்ந்து பார்த்தபோது அவ்வளவு சுகமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகக் காலையில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வேறு மெத்தையை மாற்றி அனுப்பிவிட்டார்களா?

பதில்: அநேகமாக அதே மெத்தைதான். கடையில் நீங்கள் சோதித்தது அதன் மேலடுக்கை மட்டும். உட்காரும்போது எடை முழுக்க ஓரிடத்தில் இறங்குகிறது. படுக்கும்போது அது தலை, தோள், இடுப்பு, குதிகால் என்று பிரிந்து இறங்குகிறது. இதில் அதிகக் கனம் இடுப்புப் பகுதிக்குத்தான். மேலே எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் சரி, இடுப்பு கொஞ்சம் இறங்கியதும் அடியில் உள்ள ஸ்பிரிங் அதற்கு மேல் இறங்க விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் மெத்தையில் அந்தப் பிடிப்பு போதவில்லை என்று தோன்றுகிறது.

சோதித்துப் பார்த்துவிடலாம். இரவில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே, உங்கள் தலையணையோடு, 15 நிமிடம் படுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் உடம்போடு ஒட்டிய பனியன் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை முதுகுப் பக்கம் உட்காரவைத்து, கேமராவை மெத்தை உயரத்துக்கு இறக்கிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு கிட்டத்தட்ட ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இடுப்பு மட்டும் கீழே தொய்ந்திருந்தால் மெத்தை தாங்கவில்லை. தோள் இறங்காமல் தூக்கி நின்றால் உங்களுக்கு அது கெட்டி. மல்லாந்து படுப்பவர்கள் இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்க்கலாம். கை தாராளமாகப் போய் வந்தால் கெட்டி, நுழைக்கவே இடமில்லாமல் புதைந்திருந்தால் இளக்கம். குப்புறப் படுப்பவர்களுக்கு இந்த வகையே வேண்டாம். வயிறு உள்ளே இறங்கி முதுகு வில்லாக வளைந்துவிடும்.

நானும் ஒருமுறை உள்ளங்கையால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கட்டியிருக்கிறேன். அதில் பதினோரு மாதம் படுத்தேன். தினமும் காலையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் உருண்டுதான் எழுந்திருக்க முடிந்தது. அந்த வலி இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அதற்காகப் பலகை மாதிரி கெட்டியான மெத்தையைத் தேடிப் போகாதீர்கள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் 90 நாள் நடத்திய ஆய்வு ஒன்று 2003ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டைத்தான் ஒப்பிட்டார்கள், மிக மிருதுவான மெத்தை அந்த ஆய்வில் இல்லை. அங்கே பயன்படுத்திய அளவுகோலில் 1 என்றால் மிகக் கெட்டி, 10 என்றால் மிக மிருது. விற்பனையாளர்கள் பலர் போடும் எண் இதற்கு நேர்த் தலைகீழ். ஆகவே ‘5’, ‘6’ என்று அட்டையில் பார்த்ததும் முடிவெடுக்காதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தையை இந்த மிருதுவான மெத்தையில் எங்களோடு படுக்க வைக்கலாமா?

பதில்: கூடாது. முகம் புதைந்தால் அந்த வயதுக் குழந்தையால் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாமல் போகலாம். கெட்டியான, தட்டையான தனிப் படுக்கையில் மல்லாந்து படுக்க வையுங்கள்.

கேள்வி: ஃபோமின் அடர்த்தி என்ன என்று கேட்டேன். ‘பிரீமியம் தரம்’ என்கிறார்களே தவிர எண்ணைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்ற கணக்கு. ஃபோம் செய்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. மெமரி ஃபோம் 50 கிலோவுக்குக் கீழே, சாதாரண ஃபோம் 30 கிலோவுக்குக் கீழே இருந்தால் சீக்கிரம் குழி விழும் என்று வைத்துக்கொள்ளலாம். அடர்த்தியைக் கெட்டித்தன்மையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அடர்த்தி அதிகமான ஃபோமும் மிருதுவாக இருக்கலாம். ஸ்பிரிங்குக்குக் கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண்ணைக் கேளுங்கள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும்.

கேள்வி: ‘குளிர்ச்சி ஜெல்’ என்று போட்டிருந்ததால் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினேன். படுத்ததும் சில்லென்று இருக்கிறது. இரண்டு மணிக்கு முதுகெல்லாம் நனைந்து எழுந்துவிடுகிறேன். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் உடம்பைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த லேபிளைத்தான் கேள்வி கேட்க வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இவையும் கூட இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது இந்த வகை மெத்தைகளில் திரும்பத் திரும்ப வரும் புகார். ‘குளிர்ச்சி’ என்ற இந்த ஒரு சொல்லின் மேல் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே அறையில் இருக்கும் இரும்புத் தாழ்ப்பாளையும் மரக் கதவையும் தொட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் சில்லென்று இருக்கும். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். இரும்பு உங்கள் விரலின் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்கிறது, அதனால் அப்படித் தெரிகிறது. ஜெல் கலந்த ஃபோமும், தொட்டால் குளிரும் துணி உறையும் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. சிலவற்றில் உடல் சூட்டில் உருகும் மெழுகு மாதிரியான பொருளைச் சேர்க்கிறார்கள். அது உருகும் வரை வெப்பத்தை இழுக்கும். உருகி முடித்த பிறகு இழுக்க ஒன்றும் இல்லை. தூங்கும் உடம்போ இரவு முழுக்க ஏறக்குறைய 70, 80 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. கடையில் கையை வைக்கும் பத்து விநாடிக்கும் இரவு இரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதோடு மெமரி ஃபோமின் குணமும் சேர்கிறது. 1966ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக விமான இருக்கைகளை மேம்படுத்தும் பணியில் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய பொருள் அது. சூடு பட்டால் இளகி, உடம்பின் வடிவத்துக்குப் படியும். சுகமாகத் தெரிவதும் அதனால்தான், புழுங்குவதும் அதனால்தான். உடம்பு புதையப் புதையச் சுற்றிக் காற்று போக வழி குறைகிறது, வியர்வை காயாமல் தங்கிவிடுகிறது. ஹைபிரிட்டில் ஸ்பிரிங்குகளுக்கு இடையே காற்று புழங்க இடம் உண்டு, உண்மை. ஆனால் உங்களுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் நாலு அங்குல ஃபோம் இருந்தால் அந்தக் காற்று உங்கள் முதுகுக்கு என்ன செய்யும்? குளிர்ச்சி வேண்டுமென்றால் மேலடுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும், அல்லது துளையிட்ட லேடெக்ஸாக இருக்க வேண்டும். கூடுதல் பணத்தை அதற்குக் கொடுத்தால் அர்த்தம் உண்டு.

சரி, இப்போது உங்கள் மெத்தைக்கு வருவோம். முதலில் மேலே போட்டிருக்கும் பாதுகாப்பு உறையை இரண்டு இரவு எடுத்துவிட்டுப் படுங்கள், ஆனால் கறை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மெத்தை ஒன்றின் மேல் நானே பிளாஸ்டிக் பூச்சுள்ள தண்ணீர் புகாத உறையைப் போட்டுவிட்டு, ஒரு கோடை முழுக்க மெத்தையைத் திட்டிக்கொண்டிருந்தேன். தவறு உறையில் இருந்தது. உறையை எடுத்தும் வியர்த்தால், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி ஒன்றை விரிப்புக்கு அடியில், முதுகு படும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். படுத்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, விழிப்பு வரும்போது ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். மூன்று இரவு போதும். எண் ஏறிக்கொண்டே போனால், அந்தக் குறிப்பையும் பெட்டி லேபிளின் படத்தையும் வைத்து, திருப்பித் தர அனுமதிக்கும் சோதனைக் காலம் முடிவதற்குள், பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ‘தொட்டால் குளிரும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ‘இரவு முழுதும் குளிர்ச்சி’ என்று எழுதியிருந்தால் விடாதீர்கள்.

கேள்வி: கணவர் புரண்டு படுத்தால் எனக்கு விழிப்பு வருகிறது. ஓரத்தில் படுத்தால் சரிகிறது. ஹைபிரிட்டில் இது இருக்காது என்றார்களே?

பதில்: முதல் பிரச்சினை பாக்கெட் ஸ்பிரிங்கில் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்பிரிங்குகள் தனித்தனியாக அமுங்குவதால் அசைவு அவ்வளவாகப் பரவாது. உங்கள் பக்கம் ஒரு தட்டின் மேல் முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, அவரைப் புரளச் சொல்லுங்கள். தண்ணீர் லேசாக ஆடினால் பரவாயில்லை, சிந்தினால் புகார் கொடுங்கள். கட்டிலே ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், திருகாணி தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஓரம் சரிவது வேறு விஷயம். விளிம்பைச் சுற்றிக் கெட்டியான ஸ்பிரிங்கோ ஃபோமோ வைக்காமல் செலவைக் குறைத்திருப்பார்கள். அதை வீட்டில் சரி செய்ய முடியாது.

கேள்வி: வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 100 இரவு சோதனைக் காலம் என்று அப்போது சொன்னார்கள். ரசீது எங்கே என்று தெரியவில்லை, லேபிளையும் வெட்டி எறிந்துவிட்டேன். எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பதில்: முடியாது. எட்டு மாதம் என்பது ஏறக்குறைய 240 இரவு. லேபிளை வெட்டியதால் வாரண்டியும் போயிருக்கலாம்.

அடுத்த முறையாவது மெத்தை வந்த அன்றே ரசீதையும் லேபிளையும் படம் எடுத்து வையுங்கள், கடைசித் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். முதல் 30 இரவு படுத்த பிறகுதான் திருப்பி எடுப்போம் என்று சில இடங்களில் நிபந்தனை இருக்கும். அதையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: பெட்டியைப் பிரித்ததும் ஒரே ரசாயன வாடை. ஆபத்தா?

பதில்: சன்னலைத் திறந்துவைத்து இரண்டு, மூன்று நாள் ஆறவிடுங்கள். சுருட்டி வந்த மெத்தை முழுசாக உப்பவும் அவ்வளவு நேரம் ஆகும். அதற்குப் பிறகும் தலைவலி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாடை போகட்டும் என்று உள் உறையை மட்டும் கழற்றாதீர்கள். சில மெத்தைகளில் தீத்தடுப்புக்காகக் கண்ணாடி இழை இருக்கும், அது வெளியே வந்தால் வீடெல்லாம் பரவும்.

கேள்வி: எனக்கு வயது 71. தனியாக இருக்கிறேன். பத்து வருட வாரண்டி என்று நம்பிச் சேமிப்பிலிருந்து வாங்கினேன். இரண்டாவது வருடமே படுக்கும் இடத்தில் குழி. வந்து பார்த்தவர் ‘குழியின் ஆழம் போதாது, அதோடு கறை இருக்கிறது, வாரண்டி செல்லாது’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கறை என்று அவர் காட்டியது விரல்நுனி அளவு.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கும் ஒருமுறை தண்ணீர்க் கறையைக் காட்டி இதே பதிலைச் சொன்னார்கள். நான் சும்மா விட்டுவிட்டேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. நீங்கள் விட வேண்டாம்.

பல வாரண்டிகளில் குழி 2.5 செ.மீ. அல்லது 3.8 செ.மீ. ஆழம் இருந்தால்தான் ஏற்போம் என்று எழுதியிருக்கும். அதுவும் மேலே யாரும் படுக்காத நிலையில் அளக்க வேண்டும். ஆள் படுத்தால் எவ்வளவு இறங்குகிறது என்பது கணக்கிலேயே வராது. இது நியாயமில்லை, ஆனால் அவர்கள் விதியை வைத்தே நாம் பேசுவோம். விரிப்பையெல்லாம் எடுத்துவிட்டு, சில மணி நேரம் யாரும் படுக்காமல் விடுங்கள். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு நூலை இறுக்கிக் கட்டி, குழியின் அடியிலிருந்து நூல் வரை ஸ்கேலால் அளந்து, எண் தெரியும்படி படம் எடுக்கச் சொல்லுங்கள். குனிய வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மெத்தையைத் தூக்கிக் கட்டில் சட்டங்களையும் படம் எடுக்கட்டும். இடைவெளி அதிகம் என்று அடுத்த சாக்கு அங்கிருந்துதான் வரும். பொதுவாக 7 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது.

பிறகு இரண்டே கேள்வி, கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ. வந்தவர் அளந்த ஆழம் எத்தனை செ.மீ., அந்த அளவைக் காட்டும் படம் எங்கே? விரல்நுனி அளவு கறையால் ஸ்பிரிங்கும் ஃபோமும் எப்படிக் குழிந்தன, அது வாரண்டியின் எந்தப் பிரிவில் இருக்கிறது? 15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும் என்று தேதி போட்டுக் கேளுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம், பேசினதற்குச் சாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் இதே காகிதங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போகலாம். அதற்கான மனுவை நான் எழுதித் தருகிறேன். அளந்த படங்களையும் ரசீதின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் சொல்லிப் படுங்கள், குழி இடுப்புக்கு நேர் அடியில் வராமல் இருக்கலாம்.